நான்கு ஃபிரேம் தாமதம்

என் சித்தியின் வாயில் இடது பாதி, வலது பாதியைவிட நான்கு ஃபிரேம் பிந்தி வந்துகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டியவனும் நான்தான். இரண்டாவது தகவலை விட்டுவிட்டுச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். எங்கள் வீட்டில் விட்டுச் சொல்வதில்லை.

ஃபிரேம் என்பது பெரிய சங்கதி இல்லை. ஒரு நொடி வீடியோவில் இருபத்தைந்து படங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நான்கு ஃபிரேம் என்பது ஒரு தும்மலுக்குக்கூடக் காணாத நேரம். ஆனால் சித்திக்கு வாய்தான் பிழைப்பு. பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்பாளர் அவள். எந்த வண்டி, எத்தனையாவது பிளாட்பாரம், எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஊரே கேட்கச் சொல்லும் குரல். மைக்கில் பேசும்போது ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டு மடித்து வைத்தது மாதிரி வரும். மைக்கை அணைத்துவிட்டால் வேறு ஆள். எட்டு மணி நேரம் அடக்கி வைத்த வேகத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவாள். "சாப்ட்டியா குளிச்சியா துணி காயப்போட்டியா ஏண்டா முழிக்கிற" என்பது அவளுக்கு ஒரே வார்த்தை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "அந்த வண்டி லேட்."

கல்லூரி பக்கத்தில் என்பதால் நான் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். படிப்பது ஒளிப்பதிவும் படத்தொகுப்பும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். பாட்டை இசைத்துறை மாணவர்கள் பாடிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வாயசைக்க ஒரு முகத்தை நாங்கள் தேட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மூன்று பயிற்சிகள். மூன்றிலும் தேறினால்தான் துறையின் நல்ல கேமராவைக் கையில் கொடுப்பார்கள். தேறாதவர்கள் மியூசிக் வீடியோவுக்குப் பதிலாக ஐம்பது பக்கக் கட்டுரை எழுத வேண்டும். எனக்கு முந்தைய வருடத்து அண்ணன் ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 'கற்றுக்கொண்டவை' என்று ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும். முதல் பயிற்சித் தாளில் நான் எழுதியது: "கேமராவின் மூடியைக் கழற்ற வேண்டும்." எங்கள் எடிட்டிங் ஆசிரியர் அதற்குக் கீழே சிவப்பு மையில், "உண்மை" என்று எழுதியிருந்தார். அவருக்குக் 'கத்தரி சார்' என்று பெயர். நாங்கள் எடுத்து வருவதில் எதைப் பார்த்தாலும் "வெட்டு" என்பதால் வந்த பெயர்.

குழு என்றால் இரண்டே பேர். நானும், என் வகுப்புத் தோழி முக்காலியும். கேமரா ஸ்டாண்டை எப்போதும் தோளில் சுமந்துகொண்டு திரிவதால் அந்தப் பெயர். ஸ்டாண்டு இல்லாதபோதும் அதே மாதிரி ஆடாமல் அசையாமல் நிற்பாள். பொய் சொல்ல வராது. அதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு, எனக்கு உபயோகம் அதிகம்.

முகம் வேண்டும் என்றதும் சித்தியே முன்வந்தாள்.

"நான் நடிக்கிறேன்டா. சும்மா வாயசைக்கிறதுதானே? சத்தம் வர வேணாம்தானே?"

"வர வேணாம் சித்தி. பாட்டு தனியா இருக்கு."

"அப்பாடா" என்றாள். ஏன் அப்பாடா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, வயதானாலும் சித்திக்கு நடிப்பாசை போகவில்லை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அவளுக்கு வயது நாற்பத்தாறு. எனக்குப் பத்தொன்பது என்பதால் அது எனக்கு வயதாகத் தெரிந்தது.

முதல் பயிற்சி: ஒரே கோணம், ஒரு பல்லவி, வாயும் பாட்டும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தத்துக்கு 'சிங்க்' என்று பெயர். பாட்டின் முதல் வரி 'மெல்ல மெல்ல மூடும் கதவே, முழுசா மூடாதே'. கத்தரி சார் சொல்லிக்கொடுத்த வித்தை எளிது. "உதடு ஒட்டுற எழுத்தைப் பாரு. 'ம' வருதா? உதடு மூடியிருக்கணும். மூடலைன்னா சிங்க் தப்பு." எங்கள் வரியில் ஆறு 'ம'. பொருத்திப் பார்க்க வசதியான பாட்டு. முதல் பயிற்சியில் தேறினோம். இரண்டாவது, அதே பல்லவியை மூன்று கோணத்தில் எடுத்து வெட்டி ஒட்டுவது. அதிலும் தேறினோம். "சுமார்" என்றார் சார். அவர் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

மூன்றாவதில்தான் மாட்டினோம். பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும். அந்த வேகத்துக்கு வாயசைப்பதை, நொடிக்கு ஐம்பது படமாக எடுக்க வேண்டும். பிறகு எடிட்டிங்கில் அதைப் பாதி வேகமாக்கினால், வாய் பாட்டோடு சரியாகப் பொருந்தும். தலைமுடியும் சேலையும் மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெதுவாக ஆடும். பார்க்க அழகு, எடுக்கச் சள்ளை. மற்ற குழுக்களின் நடிகர்கள் இரட்டை வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். சித்தி முதல் டேக்கிலேயே ஊதித் தள்ளினாள்.

"சித்தி, உங்களுக்கு இதுதான் நார்மல் ஸ்பீடு" என்றாள் முக்காலி.

"இன்னும் கொஞ்சம் வேகமா வேணும்னாலும் பண்றேன்" என்றாள் சித்தி.

மறுநாள் கல்லூரி எடிட்டிங் அறையில் உட்கார்ந்து அதைப் பாதி வேகமாக்கினேன். சித்தியின் முடி மிதந்தது. சேலைத் தலைப்பு மிதந்தது. 'மெல்ல' வந்தது. உதடுகள் ஒட்டின. வலது ஓரம் சரியாக 'ம'வில் ஒட்டியது. இடது ஓரம் யோசித்துவிட்டு, பிறகு ஒட்டியது.

இன்னொரு முறை ஓடவிட்டேன். இடது ஓரம் இன்னொரு முறை யோசித்தது.

ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டி எண்ணினேன். நான்கு. அடுத்த 'ம', நான்கு. ஆறு 'ம'வுக்கும் நான்கு. ஒழுங்காகப் பிந்தியது. எங்கள் வேலையில் ஒழுங்காகப் பிந்துகிற எதுவும் இயந்திரக் கோளாறு. அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முக்காலியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர்" என்றாள். பாட்டை ஃபோனிலிருந்து வயரில்லாமல் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். உண்மைதான். வயர் போட்டு, மறுபடியும் சித்தியை நிற்க வைத்து எடுத்தோம். நான்கு. கேமராவில் ஐம்பதுக்குப் பதில் வேறு எண் விழுந்துவிட்டதா என்று பார்த்தோம். ஐம்பதுதான். கம்ப்யூட்டரை மாற்றினேன். நான்கு. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். அப்போது வலது பக்கம் பிந்தியது. பிரச்சினை இடம் மாறிவிட்டது என்று ஐந்து நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். என் அறிவின் நீள அகலத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.

கத்தரி சாரிடம் போனேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சிங்க் தப்புன்னா முழு வாயும் தப்பாத்தான் இருக்கும். பாதி வாய்க்கு மட்டும் தனி ஸ்பீக்கரா வச்சிருந்த?"

"இல்ல சார்."

"அப்ப பாதி எப்படிப் பிந்தும்?"

"அதான் சார் புரியல."

"புரியலைன்னா 'கற்றுக்கொண்டவை'ல புரியலைன்னு எழுது. வெள்ளிக்கிழமை பொருந்துற வாயோட வா. இல்லேன்னா கட்டுரை."

கட்டுரை என்றதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மேதை எழுந்துகொண்டான். சித்தியின் முகத்தை மூக்கின் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடது பாதியைத் தனியாக வெட்டி எடுத்து, நான்கு ஃபிரேம் முன்னால் தள்ளி, வலது பாதியோடு ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரியாமல் விளிம்பை மழுக்கினேன். கண்ணிமையைத் தொடாமல், வாயை மட்டும். மூன்று பகல் ஆனது. வெள்ளிக்கிழமை கத்தரி சார் முன்னால் ஓடவிட்டேன். ஆறு 'ம'விலும் இரண்டு ஓரமும் சேர்ந்து ஒட்டின.

சார் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, "நல்லாருக்கு" என்றார். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் அவளை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். ஐந்து முறை பார்த்தாள். அவள் ஒரு விஷயத்தை ஐந்து முறை பார்த்து நான் கண்டதில்லை. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தும் கண்டதில்லை.

"அழகா இருக்கேன்ல?" என்றாள்.

"நீ எப்பவும் அழகுதான் சித்தி. ஆனா இதுல என் உழைப்பு நிறைய இருக்கு. உன் வாய் இடது பக்கம் நாலு ஃபிரேம் லேட்டு. தனியா வெட்டி முன்னாடி தள்ளிட்டேன். கத்தரி சாருக்கே தெரியல!"

சித்தி தன் இடது கன்னத்தில் கையை வைத்தாள். சமீபமாக அவள் அப்படிக் கை வைத்துக்கொண்டு பேசுவது எனக்குப் பழகியிருந்தது. பல்வலி என்று நினைத்திருந்தேன். தண்ணீரை ஸ்டிரா போட்டுக் குடிப்பதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். நினைப்பதில் நான் ஒன்றும் குறை வைத்தவனில்லை.

"அப்ப நிஜமாவே இருக்கு" என்றாள்.

"என்னது?"

"கண்ணாடியில பாத்தேன். இருக்கிற மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. நம்ம பிரமைன்னு விட்டுட்டேன்." பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. "சரி விடு, அதான் நீ சரி பண்ணிட்டியே, மூணே நாள்ல, டாக்டர்கிட்ட போயிருந்தா முப்பது நாள் அலைய விட்டிருப்பான், நீ கெட்டிக்காரன்டா, உன்னை டைரக்டர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டது வீண் போகல."

எழுந்து குளிக்கப் போய்விட்டாள். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எதைச் சரி பண்ணினேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. வீடியோவில் ஒரு தப்பு இருந்தது, திருத்தினேன். அது வரை சரி. ஆனால் சித்தி நன்றி சொன்னது வீடியோவுக்கு இல்லை.

மறுநாள் முக்காலியிடம் சொன்னேன். தோளிலிருந்த ஸ்டாண்டைக் கீழே இறக்கி வைத்தாள். அவள் அதை இறக்கி வைத்தால் விஷயம் பெரிது.

"டேய்! அது சிங்க் இல்லடா. சித்தி!"

"என்ன சித்தி?"

"வாயே அப்படித்தான்டா வருது. ஸ்பீக்கர் இல்ல, கேமரா இல்ல, ஐம்பது இல்ல. அவங்க முகம்! திருப்பிப் போட்டப்ப பக்கம் மாறிச்சுல்ல, அப்பவே தெரிஞ்சிருக்கணும். எனக்கும் தெரியல. நாம ரெண்டு பேரும் மாடு."

பழைய பயிற்சிகளைத் திறந்தோம். முதல் பயிற்சி, ஏழு வாரத்துக்கு முன்னால் எடுத்தது: இரண்டு ஓரமும் ஒன்றாக ஒட்டின. பூஜ்யம். இரண்டாவது, மூன்று வாரத்துக்கு முன்னால்: ஒரு ஃபிரேம். சின்னதுதான். 'சுமார்' என்று வாங்கும் வீடியோவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்றாவது: நான்கு.

"பூஜ்யம், ஒண்ணு, நாலு" என்றேன்.

"இல்ல, இரு. மூணாவது ஸ்லோ மோஷன். பாதி வேகம். அதனால நாலுன்னா நிஜத்துல ரெண்டு."

"அப்ப பரவாயில்லையா?"

"பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு" என்றாள் முக்காலி. "இதுல எது பரவாயில்ல?"

சித்தியை அன்றே பார்க்கப் போனோம். பேருந்து நிலையத்தின் மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை அவளுடையது. வளைந்த கழுத்தோடு ஒரு மைக், ஒரு மணிப் பொத்தான், சுவரில் நேர அட்டவணை, தலைக்கு மேல் கடகடக்கும் ஒரு மின்விசிறி. மைக்கைப் போடும்போது அவள் விசிறியை அணைப்பாள். பேசி முடித்ததும் போடுவாள். அதனால் அந்த அறையில் எந்தப் பேச்சும் துண்டு துண்டாகத்தான் நடக்கும்.

"சித்தி, டாக்டரைப் பாக்கணும்."

"உனக்கா?"

"உனக்கு. ஏழு வாரத்துல ரெண்டு ஃபிரேம் பிந்தியிருக்கு."

"நாலுன்ன? இப்ப ரெண்டா? பாத்தியா, குறைஞ்சுகிட்டு வருது!"

"குறையல சித்தி. அது ஸ்லோ மோஷன்ல நாலு..."

"இரு." விசிறி நின்றது. மணி அடித்தது. அடுத்த வண்டியைச் சொன்னாள். "புறப்படும்" என்ற இடத்தில் வாயின் ஓரத்தில் காற்று கொஞ்சம் கசிந்தது. ஒருவருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. என் காது அதற்குள் சந்தேகக் காது ஆகியிருந்தது. விசிறி மறுபடி சுற்றியது.

"நான் டாக்டர்கிட்ட போனா அவர் சீட்டு எழுதுவாரு. சீட்டு எழுதினா லீவு போடணும். லீவு போட்டா கண்காணிப்பாளர் என்ன செய்வாரு தெரியுமா? ஏற்கெனவே ரெக்கார்டு பண்ணின குரல் ஒண்ணை வாங்கலாமான்னு வருஷக்கணக்கா கண்ணு வச்சிருக்காரு. ஒரு வாரம் அந்த மெஷினு ஓடட்டும்னு சொல்லுவாரு. ஓடும். நல்லா ஓடும். அதுக்கு வாய் கோணாதுல்ல."

"வாய் கோணிட்டா அப்புறம்?"

"அதான் நீ இருக்கியே. வெட்டி முன்னாடி தள்ளு."

"சித்தி, நான் வீடியோவைத்தான் தள்ள முடியும்! இங்க வந்து தினமும் உன் கன்னத்தைத் தள்ளிகிட்டா நிக்க முடியும்?"

"பகுதி நேரமா வாயேன்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இரண்டு தவணையில் வந்தது. முக்காலி அதைப் பார்த்துவிட்டாள்.

"சித்தி," என்றாள், "இப்ப சிரிச்சீங்கல்ல. பாதிதான் சிரிச்சீங்க."

முக்காலி சொன்னதால் சித்தி நம்பினாள். நான் சொன்னால் பேரம் பேசுவாள்.

டாக்டர் நரம்பு நிபுணர். பொறுமையான ஆள், கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். பல்லைக் காட்டச் சொன்னார். கன்னத்தை உப்ப வைக்கச் சொன்னார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். சித்தி எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிட்டாள்.

"லேசா இருக்கு. எத்தனை நாளா?"

"நேத்துலேருந்து" என்றாள் சித்தி.

"ஏழு வாரமா" என்றேன் நான். "வீடியோ இருக்கு டாக்டர்."

லேப்டாப்பைத் திறந்தேன். பதற்றத்தில் கை எதைத் தட்டியது என்று பார்க்கவில்லை. திரையில் சித்தியின் முடி மிதந்தது. இரண்டு ஓரமும் சேர்ந்து அழகாக ஒட்டின. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே?"

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கில் ஜெயித்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"டாக்டர், அது... நான் திருத்தினது."

"என்ன திருத்தினது?"

"இவங்க முகத்தை."

அந்த அறையில் நான் விளக்கிய இரண்டு நிமிடம் என் எதிரிக்கும் வரக் கூடாது. மூக்கின் நடுவில் கோடு போட்டதை, இடது பாதியைத் தள்ளியதை, விளிம்பை மழுக்கியதை, அதற்கு "நல்லாருக்கு" வாங்கியதை எல்லாம் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதாவது, நோய் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, அளந்து, மறைச்சிருக்கீங்க."

"ஆமா டாக்டர்."

"மறைக்கிறதுக்கு முந்தினது இருக்கா?"

இருந்தது. முக்காலி எதையும் அழிக்க மாட்டாள். அவள் டிஸ்கிலிருந்து எடுத்து வந்த மூன்றையும் தேதி வாரியாக ஓட்டிக் காட்டினேன். பூஜ்யம், ஒன்று, நான்கு. நான்கைப் பாதியாக்கி இரண்டு என்று சொல்லும்போது டாக்டரும் கொஞ்சம் குழம்பினார். தாளில் போட்டுக் காட்டினேன். வாழ்க்கையில் ஒரு டாக்டருக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரே சீட்டு அது.

"ஒரே நாள்ல வந்திருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்பேன்," என்றார். "மெள்ள மெள்ள வந்திருக்கு. அப்படின்னா நரம்பை ஏதோ அழுத்துதான்னு பாக்கணும்."

ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்குப் பின்னால், முகத்துக்கு வரும் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னக் கட்டி. நல்ல வகை என்றார் டாக்டர். நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று அவர் பிரித்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கட்டியில் என்ன நல்லது என்றும் இருந்தது.

"எடுத்துடலாம். செவ்வாய்க்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு. எடுத்தா இதே ரெண்டுல நிக்கலாம். கொஞ்சம் குறையவும் குறையலாம். சில மாசத்துக்குப் பத்தாவும் ஆகலாம். எதுன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது." ஃபிரேம் கணக்கு அவருக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. "எடுக்காம விட்டா ஏறிகிட்டேதான் போகும். அதை மட்டும் சொல்ல முடியும்."

"பத்துன்னா எப்படி இருக்கும்?" என்று சித்தி என்னைக் கேட்டாள், டாக்டரை இல்லை.



"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும், "இது ஏறுதுன்னு என்ன நிச்சயம்? ரெண்டுல நின்னிருக்கும். நின்ன வண்டியை எதுக்குத் தள்ளணும்?" என்றாள். மூன்று நாள் அதே பாட்டு. அம்மா ஃபோனில் அழுதாள், அதட்டினாள். சித்தி பதிலுக்கு எந்த ஊரிலும் யாராலும் புரிந்துகொள்ள முடியாத வேகத்தில் பேசிவிட்டு வைத்தாள்.

இதற்கிடையில் நான் கத்தரி சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொல்லியதில் வாய் பழகிவிட்டது போல. திருத்தாத வீடியோவையும் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். எல்லா 'ம'வையும் பார்த்தார்.

"நான் அன்னிக்கு இதைப் பாத்திருக்கணும்" என்றார். பிறகு, "ஒட்டு வேலைக்குக் குடுத்த மார்க்கை எடுத்துடுறேன். இதுல பாட்டோட சிங்க் சரியா இருக்கு. இதுக்குத் தேர்ச்சி போடுறேன். சித்தியை ஆஸ்பத்திரியில எப்ப சேக்கிறீங்க?"

"தெரியல சார். ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"கேமரா திங்கக்கிழமை காலையில கிடைக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

'கற்றுக்கொண்டவை' தாளில் என்ன எழுதுவது என்று அன்று முழுக்க யோசித்தேன். "பிழை என்று தெரிந்தால் திருத்துவதற்கு முன் அது யாருடையது என்று கேட்க வேண்டும்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பெரிய மனுஷத்தனமாக இருந்தது. அடித்துவிட்டு, "புரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

திங்கள் காலை கண்ணாடி அறையில் மியூசிக் வீடியோ எடுத்தோம். வேறு நடிகையைத் தேடலாமா என்று நான் இழுத்தபோது, "ஏன், என் வாய்க்கு என்ன கொறச்சல்?" என்று சித்தி கேட்டுவிட்டாள். ஸ்லோ மோஷன் வேண்டாம், சாதாரண வேகத்திலேயே எடுப்போம் என்று முக்காலி சொன்னாள். வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் எடுக்க முடியும். கண்காணிப்பாளர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். இரண்டாவது முறை தலையை வாரிக்கொண்டு வந்தார்.

சித்தி வலது கன்னத்தைக் காட்டி உட்கார்ந்தாள். கேமராவைச் சரி செய்துகொண்டிருந்த முக்காலி நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தியே நாற்காலியைத் திருப்பி நேராக உட்கார்ந்தாள்.

"எடு" என்றாள்.

பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. ஒரே டேக். வெளியே பெட்டிகளோடு நிற்பவர்களைப் பார்த்தபடி வாயசைத்தாள். கடைசி வரி முடியும்போது சுவரில் மணி பார்த்து, விசிறி நின்றிருந்ததால் நேராக மைக்கை இழுத்து, அடுத்த வண்டியைச் சொன்னாள். "புற" என்று சொல்லி நின்றாள். காற்று போய்விட்டது. மறுபடி, இடது உதட்டை ஒரு விரலால் மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, "புறப்படும்" என்று நிறுத்திச் சொன்னாள். கீழே மக்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு நாலாவது பிளாட்பாரத்துக்கு நடந்தார்கள்.

மைக்கை அணைத்தாள். உதட்டிலிருந்து விரலை எடுத்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"அதெல்லாம் எடிட்டிங்ல பாத்துக்கலாம் சித்தி" என்றேன்.

"உன்னைக் கேக்கல."

முக்காலி கேமராவின் சின்னத் திரையில் பின்னால் ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டினாள். இரண்டு இடத்தில் பார்த்தாள். மூன்றாவது இடத்திலும் பார்த்தாள். நான் அவள் காலை மிதித்தேன். ஆடவில்லை.

"மூணு" என்றாள்.

"ஸ்லோ மோஷனா?"

"இல்ல சித்தி. நேர் மூணு."

சித்தி விசிறியைப் போட்டாள். நேர அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு அந்தக் கண்ணாடிக்காரரு?"

"ஏழு மணிக்கு. ஆனா நாமதான் இன்னும் சரின்னே சொல்லலையே."

"ஏழு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்டு." ஃபோனை எடுத்து, டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் தோழியைக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில நீ மேல வந்து மைக்ல உக்காரு. அட்டவணை சுவத்துல இருக்கு. மணியை ஒரு தடவைதான் அடிக்கணும். அவசரப்படாதே. ஒவ்வொரு வண்டியையும் ரெண்டு தடவை சொல்லு."

ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் தோழிக்கு முதல் தடவையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. திருப்பிக் கேட்கவே இல்லை. ஃபோனை வைத்துவிட்டு, டாக்டரின் எண் இருந்த சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.